ஏழாம் வேளைத் தயிர்

நொச்சிக்காட்டுப்புதூர் பால் சொசைட்டிக்கு மேல்தளக் காங்கிரீட் போட்ட புதன்கிழமை மத்தியானம் அங்கே பால் அளக்கிற பாவாத்தாள் வீட்டு வாசலில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் இவர்கள்: மேஸ்திரி ஆரோக்கியசாமி, அவர் கூட வந்த கொத்தனார் இரண்டு பேர், கலவை மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர், மணலும் ஜல்லியும் அள்ளிப் போடுகிற ஆண்கள் நான்கு பேர், சட்டி சுமக்கிற பெண்கள் ஐந்து பேர், சொசைட்டிச் செயலாளர் குமரவேல், கடிதம் கொடுக்க வந்து சோற்று வாசனைக்கு நின்றுவிட்ட தபால்காரர், பாவாத்தாளின் அண்ணன் மனைவி மாராத்தாள், பாவாத்தாள், அவள் புருஷன் சென்னியப்பன். ஆக மொத்தம் பதினெட்டுப் பேர். ஒரு நாயும் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பதினெட்டில் பதினேழு பேர் கடைசிச் சோற்றுக்குத் தயிர் ஊற்றிக்கொண்டார்கள். சென்னியப்பன் மட்டும் ரசத்தோடு எழுந்துவிட்டார். ஒரே மகள் மைதிலி செத்த வருஷம், அவளுக்குப் பிடித்த பண்டம் என்று தயிரை விட்டவர் அவர். விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. செத்தவர்களுக்குப் பிடித்ததில் ஒன்றை விடுவது அந்த ஊரில் வழக்கம், விட்டவரை மறுபடி உண்ணச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை என்பதும் வழக்கம்.

அந்தத் தயிர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் பாவாத்தாளின் செவலை மாட்டுக்கு மடிநோய் கண்டு, கால்நடை டாக்டர் வந்து மடிக்காம்பு வழியாகவே மருந்தை ஏற்றிவிட்டு, மருந்து பாலில் இறங்கும், அதனால் எட்டு வேளைப் பாலைக் கறந்து கீழே ஊற்றிவிட வேண்டும், வீட்டுக்கும் கூடாது, சொசைட்டிக்கும் கூடாது என்று சொல்லிப் போனார். அது சரியான பேச்சுதான். ஆனால் பாவாத்தாள் கடைசியாகப் பாலை மண்ணில் ஊற்றியது மைதிலியைப் புதைத்த மூன்றாம் நாள். ஊற்றிய பால் மண்ணுக்குள் இறங்குகிற சத்தத்தை அன்று அவள் கேட்டாள், மற்றவர்கள் யாரும் கேட்டதாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பொங்கி வழிகிற பாலைக்கூட அவள் கையால் பிடிக்கப் பார்க்கிறவளாக இருந்தாள். ஊற்றச் சொன்ன பாலை ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை. அதனால் ஒவ்வொரு வேளைப் பாலையும் காய்ச்சி ஆற்றி, உறை மோர் விட்டு மூடி வைத்தாள். தயிராக மாறிவிட்டால் அது பால் இல்லை, தயிரைக் கொட்டலாம், அதில் பாவமில்லை என்பது அவள் கணக்கு. முதல் ஆறு வேளைப் பாலும் தோயவில்லை. நீர்த்து, நாறி, நீலம் பாரித்து நின்ற அந்த ஆறு சட்டிகளையும் குப்பைக்குழியில் கவிழ்த்தாள். ஏழாம் வேளை, செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பால், புதன்கிழமை காலையில் கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலத் தோய்ந்திருந்தது. கரண்டியால் தூக்கினால் ஒரு முழத்துக்கு நூல் விட்டது. இவ்வளவு நல்ல தயிரைக் கொட்டுவதற்கும் அவளுக்குக் கை வரவில்லை. வாசலில் பதினெட்டுப் பேர் பசியோடு இருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் முதலில் பேசியவர் மேஸ்திரி. "திருப்தியாச் சாப்புட்டோமுங்க" என்று பாவாத்தாளிடம் சொல்லிவிட்டு வாயை மூடப் போனவர் மூடவில்லை. அந்தப் பேச்சு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், அதே குரலில், அதே மூச்சில், "கெழக்கு மூலையில ரெண்டு கம்பி கொறயுதுங்க, கலவையக் கொட்டிட்டா யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டனுங்க" என்று தானாகப் போய், அங்கே நின்றது. மேஸ்திரி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். செயலாளர் குமரவேல் கையைக் கழுவிக்கொண்டே, "அதுக்கென்ன மேஸ்திரி, பாத்துக்கலாம்" என்றவர், அவரும் நிற்காமல், "காத்தால நானுந்தான் பாத்தேன், கேட்டா வேல நிக்குமேன்னு பாக்காத மாதிரி நின்னுட்டேன்" என்றார். இரண்டு பேரும் மேல்தளத்துக்கு ஏறினார்கள். பிறகு மூலையில் கொட்டிய கலவையை அள்ளி எடுத்து, இரண்டு கம்பியையும் வைத்துக் கட்டி, மறுபடி கொட்டினார்கள்.

பாவாத்தாள் தட்டங்களை அடுக்கிக்கொண்டே, "ஏனத்தக் கழுவி வெச்சுட்டு வந்தர்றனுங்க நங்கை" என்று அண்ணிக்காரி மாராத்தாளிடம் சொன்னாள். சொன்ன பேச்சு நிற்கவில்லை. "புள்ள கடைசியா என்ன சொல்லுச்சு?" என்று முடிந்தது.

தொட்டியடியில் நின்றிருந்த சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்த மைதிலிக்குக் காய்ச்சல் என்று விடுதியிலிருந்து தாக்கல் வந்தபோது, அன்றைக்கோ நாளைக்கோ கன்று போடுகிற மாடு ஒன்று கொட்டத்தில் நின்றதால் அவர் மட்டும் போனார். மறுநாள் சாயங்காலம் ஊருக்குத் தாக்கல் சொன்னவரும் அவர்தான். பாவாத்தாள் அப்போது ஒரே ஒரு தடவை இதைக் கேட்டாள். அவர் ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். அப்புறம் அந்த வீட்டில் அந்தக் கேள்வி இல்லை.

"ஒண்ணும் சொல்லலீன்னு அன்னிக்கே சொன்னனல்லோ" என்றார் சென்னியப்பன். "நெனவில்லாமத்தான் கெடந்தா." தயிர் உண்ணாதவர் என்பதால் அவர் பேச்சு நிறுத்திய இடத்தில் நின்றது. கத்தரித்த துணி மாதிரி நின்றது. அந்த நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்று பாவாத்தாளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

தயிர் நன்றாக இருந்ததால் மாராத்தாள் உறைக்கு ஒரு கிண்ணம் வாங்கிப் போனாள். அவளிடம் பக்கத்து வீடு வாங்கியது, அவர்களிடம் எதிர்வீடு. உறை கேட்டு வந்தவரை இல்லையென்று அனுப்பக்கூடாது, விளக்கு வைப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும், வாங்கிய கிண்ணத்தைக் கழுவாமல் திருப்ப வேண்டும், இப்படி மூன்று விதி அந்த ஊரில் இருந்தது. அந்த மூன்று விதியின் மேல் ஏறிப் பன்னிரண்டாவது நாளுக்குள் அறுபத்து மூன்று வீடுகளில் ஐம்பத்தொன்றுக்கு அந்தத் தயிர் போய்ச் சேர்ந்தது. அந்த ஐம்பத்தொரு வீட்டிலும் பேச்சு, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. மழை ஒரு மாதம் முந்திப் பெய்தால் எப்படி விதைப்பை முந்திக்கொள்வார்களோ அப்படி அவர்கள் இதற்கும் தங்களை மாற்றிக்கொண்டார்கள். எழுதினால் ஒன்றும் ஆவதில்லை, நாக்கில்தான் ஆகிறது என்று கண்டுபிடித்துச் செயலாளர் குமரவேல் கழுத்தில் ஒரு சிலேட்டை மாட்டிக்கொண்டார். பேச்சை முடித்தால்தானே தாண்டிப் போகும், முடிக்காமல் விட்டால் தாண்ட இடமில்லை என்று கண்டுபிடித்தவள் சட்டி சுமக்கிற பெண்களில் ஒருத்தி. அதன்பிறகு ஊரில் பேச்செல்லாம் பாதியில் நின்றது. "பஸ்ஸு வந்து" என்று ஒருவர் சொல்வார், போய்விட்டதா வரவில்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். "உங்க மாமனாருக்கு ஒடம்பு" என்று ஒருத்தி கேட்பாள், "அவருக்கென்ன, நல்லா" என்று மற்றவள் போவாள். பூசாரி திருநீறு கொடுத்து "நல்லா இருப்பே" என்று சொல்வதை நிறுத்திக்கொண்டு வெறுமனே தலையை ஆட்டினார். முதல் நாள் அவர் அதைச் சொல்லிவிட்டு, "எல்லாத்துக்கும் இதையேதான் சொல்றேன், எனக்கு ஒரு மூட்டு வலி போக மாட்டேங்குது" என்று தொடர்ந்துவிட்டார்.

"சாமியே கைய விரிச்சிருச்சு" என்றார் வரிசையில் நின்ற தபால்காரர். சொன்னவர் அதோடு நிற்காமல், "போன வருசத்துப் பொங்கல் வாழ்த்து நாப்பத்திரண்ட நான் பட்டுவாடாவே பண்ணலீங்க, கெணத்துல போட்டுட்டேன்" என்று முடித்தார். அன்றைக்கு வரிசையில் நின்ற எல்லாரும் அவரைத் திட்டினார்கள், திட்டும்போது தங்களுடையதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நல்லதும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், பெண்ணிடம் சம்மதமா என்று கேட்க, "சம்மதமுங்க" என்றவள் நிற்காமல், "மாடு கறப்பேன்னு அம்மா சொன்னது பொய்யிங்க, ஒதைக்குமோன்னு பயமுங்க" என்று சொல்லிவிட்டாள். அங்கேயே அந்தத் தயிரில் மோர் குடித்திருந்த மாப்பிள்ளை, "பரவால்லீங்க" என்று தொடங்கி, "எனக்கும் பயந்தானுங்க, எங்கம்மாவுக்கே பயந்துதான் இங்க வந்திருக்கறனுங்க" என்றான். அந்தக் கல்யாணம் முடிவானது. கெட்டதும் நடந்தது. நான்கு வீட்டில் அடுப்பு இரண்டானது. ஒரு வீட்டில் தம்பி அண்ணனிடம் "சாப்புட்டியாண்ணா" என்று கேட்ட ஒரு கேள்வி தாண்டிப் போன தூரத்தில், இருபது வருஷத்துக்கு முன் எரிந்துபோன ஒரு வைக்கோல்போர் யார் வைத்த தீ என்பது தெரிந்துபோய், அதற்குப்பின் அவர்கள் ஒரே கிணற்றில் இரண்டு கயிறு போட்டார்கள். பொய்யா மெய்யா என்று விளங்காததும் வந்தது. கலவை மெஷின் ஓட்டுகிறவர் எதைப் பேசினாலும் அதன் முடிவில் சரோஜா என்று ஒரு மனைவியைக் கூப்பிட்டார். அவர் கல்யாணமே செய்யாதவர்.

பாவாத்தாளுக்கு மட்டும் தாண்டிப் போன பேச்சு ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்க, புள்ள கடைசியா என்ன சொல்லுச்சு?" "கரண்டு போயிருச்சுங்க, புள்ள கடைசியா என்ன சொல்லுச்சு?" ஒன்பது வருஷம் கேட்காமல் வைத்திருந்ததை அவள் புருஷன் முகத்துக்கு நேரே ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை கேட்டாள். பால் அளப்பவள் என்பதால் எண்ணுகிற பழக்கம் அவளை விடவில்லை. இருபத்து மூன்று நாளில் முன்னூற்று எட்டுத் தடவை. முதல் வாரம் சென்னியப்பன் ஒவ்வொரு தடவையும் "ஒண்ணும் சொல்லல" என்றார். இரண்டாம் வாரம் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாம் வாரம் அவள் வாயைத் திறப்பதைப் பார்த்தால் எழுந்து கொட்டத்துப் பக்கம் போனார். அவரைப் பார்க்க அவளுக்கும் பொறுக்கவில்லை. ஊரார் போல அவளும் பேச்சைப் பாதியில் விட்டுப் பார்த்தாள், ஆனால் சோறு போட்டுவிட்டு "சாப்புட" என்று மட்டும் சொல்லி நிறுத்த ஒரு மனைவியால் எத்தனை நாள் முடியும்.

"தயிர நீ விட்டரலாமல்லோ" என்று சென்னியப்பன் ஒரு நாள் கேட்டார். "மூணு நா திங்காம இருந்தாச் சரியாப் போவுதுன்னு சொல்றாங்க."

"விடமாட்டேனுங்க" என்றாள் பாவாத்தாள். அந்தப் பேச்சும் தாண்டிப் போய் அதே கேள்வியில்தான் நின்றது.

பதினான்காம் நாளே சொசைட்டிப் பாலைச் சோதிக்க ஆள் வந்துவிட்டது. கால்நடைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அந்த டாக்டரம்மாவின் பெயர் ஷாகிரா. ஐஸ் பெட்டியும் சிறு சிறு கண்ணாடிக் குழாய்களுமாக வந்து, ஐம்பத்தொரு வீட்டுத் தயிரிலும் கொஞ்சம் எடுத்துப் போனார். இருபதாம் நாள் திரும்பி வந்து பாவாத்தாள் வீட்டில்தான் உட்கார்ந்தார், தயிர் புறப்பட்ட வீடு அது என்பதால். செவலைக்குப் போட்ட மருந்து, எட்டு வேளை, தோயாத ஆறு சட்டி, தோய்ந்த ஏழாவது எல்லாவற்றையும் பாவாத்தாள் தேதியோடு சொன்னாள். ஒவ்வொன்றின் முடிவிலும் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். டாக்டரம்மா முதல் இரண்டு தடவை திகைத்தார், அப்புறம் தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டார்.

"தயிரத் தோய வைக்கறது கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "அது ஒடம்புக்குள்ள ஒரு எழுத்து இருக்குது. அதப் படிச்சுப் படிச்சுத்தான் அது தனக்கு வேண்டிய சரக்கையெல்லாம் மணி கோக்கற மாதிரி கோத்துக்கும். எல்லாம் மூணு மூணு எழுத்து வார்த்தைங்க. மொத்தம் அறுபத்து நாலு வார்த்தை. அறுபத்தொண்ணு, இந்த மணியக் கோரு, அந்த மணியக் கோருன்னு சொல்லும். மிச்சம் மூணும் ஒரே சொல்லு, நிறுத்து."

"அறுவத்து நாலுல மூணு" என்றாள் பாவாத்தாள், பாதியில் நிறுத்திப் பழகிய குரலில்.

"மூணுதானுங்க. நிறுத்துன்னு வந்தா அது நிக்கோணும், கோத்த மாலைய அறுத்து விடோணும். உங்க மாட்டுக்குப் போட்ட மருந்து நெறைய இருந்தப்ப அந்த உயிரு செத்துப்போச்சு, அதனால ஆறு சட்டி தோயல. ஏழாவதுல மருந்து பாதியாயிருச்சு. சாகவும் இல்ல, சரியாப் படிக்கவும் முடியல. நிறுத்துன்னு இருக்கற எடத்துல ஏதோ ஒரு மணியப் போட்டுக் கோத்துட்டு மேல படிச்சுட்டுப் போயிருது, அடுத்த நிறுத்து வர்ற வரைக்கும். மருந்து நின்ன பின்னாலயும் இந்தத் தயிருல அது பழகிப்போச்சு. மாலைக்கு வால் மொளச்ச மாதிரி. அதுதான் நூல் விடுது."

"நிறுத்துக்கு அப்பறம் இருக்குதே" என்றாள் பாவாத்தாள், "அது யாரு" என்று விட்டாள்.

"யாரு எழுதினதுன்னா கேக்கறீங்க? அதுவும் அதே எழுத்துதானுங்கம்மா. படிக்கறதுக்குன்னு எழுதினதில்ல. ஆனா எழுதித்தான் இருக்குது." டாக்டரம்மா குழாய்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் விரல் நுனியில் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர் அவரும். "போயிட்டு வர்றேங்கம்மா" என்றவர், நிற்காமல், "வீட்டுக்குப் போனா கதவத் தெறக்க ஆளில்லீங்க, அதனாலதான் எல்லா ஊருலயும் கடைசி பஸ் வரைக்கும் இருக்கறேன்" என்றார். பாவாத்தாள் அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி போட்டாள்.

மருந்து ஏறிய பாலின் தயிர் உடம்புக்கு ஆகாது, வெளியூருக்கும் பரவக்கூடாது என்பதால், எல்லா வீட்டு உறையையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும், புது உறை சொசைட்டியில் தரப்படும் என்று உத்தரவு வந்தது. இருபத்து மூன்றாம் நாள் காலையில் புதுக் கட்டடத்து மேல்தளத்தின் கீழே ஊர் கூடியது. விடலாமா கூடாதா என்று பேசத்தான் கூடியது, ஆனால் பேச்சு முடிந்தால் தாண்டிவிடும் என்று எல்லாரும் பாதிப் பாதியாகப் பேசியதில் ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை. கடைசியில் மாராத்தாள்தான் எழுந்து முழுசாகப் பேசினாள்.

"உத்தரவுன்னா உத்தரவு, விட்டர்றமுங்க" என்றாள். அதன் வால், "விடறதுக்கு மனசில்லீங்க, எங்கூட்டுக்காரரு முப்பது வருசத்துல இந்த இருவத்து மூணு நாளாத்தானுங்க எங்கூடப் பேசறாரு" என்று போனது. பின்னால் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ஐம்பத்தொரு வீட்டிலிருந்தும் சட்டிகள் வந்தன. குழியில் கவிழ்த்தபோது தயிர் அறுந்து விழாமல் சட்டிக்கும் குழிக்கும் இடையில் நூல்நூலாக நின்றது. குமரவேல் ஒரு குச்சியால் நூல்களை அறுத்துவிட்டு மேலே சுண்ணாம்பைக் கொட்டினார்.

பாவாத்தாளும் தன் சட்டியைக் கவிழ்த்தாள். கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்து அடுக்குப்பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் திருடிய பொருள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அன்று மத்தியானம் சென்னியப்பனுக்குச் சோறு போட்டாள். மூன்று நாள் போனால் தன் நாக்கு நின்றுவிடும், ஒன்பது வருஷம் மாதிரி மறுபடியும் கேட்காமல் இருக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். ரசத்தில் ஒரு கரண்டி கலந்துவிட்டால் அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை கரண்டியை எடுத்தாள், இரண்டு தடவையும் கீழே வைத்தாள். விட்ட பண்டத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஊட்டுவது, அவருடைய செத்தவர்களை அவர் கையிலிருந்து பிடுங்குவது. ஆனால் மைதிலி அவருக்கு மட்டுமா மகள், பாவாத்தாளுக்கும் மகள்தான். கடைசியில் கிண்ணத்தைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் கிண்ணத்தைப் பார்த்தார். "அதுவா?"

"அதுதானுங்க" என்றாள். முன்னூற்று ஒன்பதாம் தடவை வருவதற்குள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளேயே அந்தக் கேள்வி போய் முடிந்தது, அவருக்குக் கேட்டது.

அவர் சோற்றைப் பிசைந்தார், பிசைந்ததை உண்ணாமல் மறுபடி பிசைந்தார். வாசலில் கோழி ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "ஊத்து" என்றார்.

ஊற்றினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தயிர் பட்டதும் அவருக்குப் புரையேறியது, தண்ணீர் கொடுத்தாள். நான்கு கவளம் உண்டார். ஐந்தாவதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லல புள்ள, நெனவில்லாமத்தான் கெடந்தா" என்றார். அந்த இடத்தில் எப்போதும் நிற்கிற பேச்சு நிற்கவில்லை.

"கெடந்தான்னு உங்கிட்டச் சொன்னேன், நெனவெல்லாம் நல்லா இருந்துச்சு, நான் போறப்ப மத்தியானம் ரெண்டு மணி, கட்டல்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுட்டிருந்தா, அம்மா வர்லியான்னு கேட்டா, வந்துட்டிருக்கறான்னு சொன்னேன், டாக்டரு காத்தாலைக்குள்ள காச்சல் எறங்கிருமுன்னாரு, கன்னு போடற மாட்ட வெச்சுட்டு நீ பயந்து ஓடியாருவியேன்னு கூப்புடல, சாயங்காலம் கேட்டா, பஸ்ஸு ஏறிட்டாளான்னு, ஏறிட்டான்னேன், ராத்திரிக்கு மூணு தடவ கேட்டா, பஸ்ஸு எங்கயோ நின்னு போச்சாமுன்னேன், காத்தாலைக்குள்ள எறங்கல, அப்பக் கூப்புடலாமுன்னு போனக் கையில எடுத்தேன், நேத்தே ஏன் கூப்புடலீன்னு நீ கேப்பியேன்னு பயமா இருந்துச்சு, மத்தியானத்துக்குள்ள நல்லாயிட்டாச் சொல்லாமயே போயிரலாமுன்னு வெச்சேன், ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பயம் ஒரு மணி கூடிட்டே போச்சு, பத்துத் தடவ வாய்ல கேட்டா, பதினொண்ணாவது கேக்க முடியல, கதவப் பாத்தா, வந்துட்டா சாமி, கீழ செருப்பக் கழட்டறான்னேன், நாலு மணி, கதவப் பாத்துட்டே போயிட்டா, நீ வந்திருந்தாலும் ஒண்ணுந்தான்னு உங்கிட்டச் சொல்லோணுமுன்னா நெனவில்லீன்னுதான் சொல்லோணும், அதனால சொன்னேன்."

அங்கே அடுத்த நிறுத்தம் இருந்தது போலிருக்கிறது, நின்றுவிட்டார். ஐந்தாவது கவளம் கையிலேயே இருந்தது. அது நூல் விட்டு முழங்கை வரை இறங்கியிருந்தது.

பாவாத்தாள் அழவில்லை. அவரைத் திட்டவுமில்லை. "சாப்புடுங்க" என்றாள். சொல்லிவிட்டு மிச்சம் வரட்டும் என்று வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் பேச்சு அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோயிருந்தது. அவர் தலையைக் குனிந்து அந்தக் கவளத்தை உண்டார், அடுத்ததையும் உண்டார், அவள் சொன்னாள் என்பதற்காகக் கிண்ணம் காலியாகும் வரை உண்டார்.

அவர் கை கழுவப் போனபோது அவள் அங்கேயே உட்கார்ந்து விரலை மடக்கினாள். அன்று மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மறுநாள் சாயங்காலம் நான்கு மணி வரை இருபத்தாறு மணி நேரம். வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்க அரை மணி. பஸ்ஸுக்குக் காத்திருக்க அரை மணி, அதற்குக் கூடுதலாக ஆகாது. கோயமுத்தூருக்கு இரண்டு மணி. ஆகமொத்தம் மூன்று. கன்று போட மாடு அன்று சாயங்காலம்தான் படுத்தது, ஆனால் மாராத்தாள் இருந்தாள், பார்த்துக்கொண்டிருப்பாள், அதற்குக் கழிக்க வேண்டியதில்லை. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று எல்லா விரலையும் நிமிர்த்திவிட்டு முதலிலிருந்து மடக்கினாள். இருபத்தாறில் மூன்று போக, மிச்சம் இருபத்து மூன்று மணி நேரம்.